ரித்வென் சாவடியில் யாரும் நிற்பதில்லை

ரித்வென் சாவடி
நவம்பர் 4, 1889

எபன் டேவிஸ் அவர்களுக்கு,

இது சமாதானக் கடிதம் அல்ல, தகவல் மட்டும். உன் விலாசத்தை நம் ஜெபவீட்டுப் போதகரிடம் வாங்கினேன். இத்தனை வருஷம் கழித்து உனக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமையோடு நம் சாலையில் சுங்கம் ஒழிந்தது. சாலை வாரியத்திலிருந்து இரண்டு ஆட்கள் வந்து கேட்டைக் கீலோடு கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். கதவுக்கு மேல் தொங்கிய கட்டணப் பலகையையும் இறக்கிவிட்டார்கள். அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. கேட் தொங்கிய ஓக் மரத் தூணைப் பிடுங்கப் பார்த்தார்கள். வரவில்லை. விட்டுவிட்டார்கள்.

ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பக்கத்துப் பண்ணை ஹோவல் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் போனார், திரும்பி அந்தப் பக்கம் வந்தார், மறுபடி போனார். பேரன் பேத்தி எடுத்த மனுஷன்.

"கேட் நெஸ்டா, பாத்தியா? போறேன், வர்றேன், போறேன், வர்றேன்!"

"போங்க, வாங்க. குதிரைக்குத்தான் கால் வலிக்கும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதல் முறையாக என் வாசலில் நின்று, என்னைப் பார்த்து அல்லாமல், நான் சொன்னதற்குச் சிரித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். ரித்வென் வழியாக வர இனி யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். நீ மலையைச் சுற்றிப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

நெஸ்டா பிரைஸ்


ரோந்தா பள்ளத்தாக்கு
டிசம்பர் 8, 1889

நெஸ்டா அக்காவுக்கு,

தகவல் கிடைத்தது. நன்றி என்று எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

நான் இருக்கும் இடத்தில் மலையைச் சுற்றிப் போக வழி கிடையாது. தினமும் அதன் உள்ளேதான் போக வேண்டியிருக்கிறது. காலையில் இருட்டில் இறங்கி, சாயங்காலம் இருட்டில் ஏறுகிறேன். குளிர்காலத்தில் சூரியனை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறோம். அதுவும் போதகர் சீக்கிரம் முடித்தால்.

இங்கே என் பெயர் என்ன தெரியுமா? சுண்ணாம்பு எபன். வந்த புதிதில் சுரங்கத்தில் சாப்பாட்டு நேரத்தில் நம் கதையை ஒருவனிடம் சொன்னேன், அவ்வளவுதான். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஒவ்வொருவனும் கரி பூசிய முகத்தோடு வந்து, "ஏய் சுண்ணாம்பு, இன்னிக்கு உன் அக்கா கேட்டைத் திறந்துச்சா?" என்று கேட்பான். நானும் சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே பழகிவிட்டது.

நம் குதிரை செரன் இன்னும் இருக்கிறாளா? ஹோவலுக்கு அவளை விற்றபோது அவளுக்கு ஏழு வயது. இப்போது கிழவியாக இருப்பாள்.

எபன்


ரித்வென் சாவடி
ஜனவரி 12, 1890

எபனுக்கு,

என் பெயரை நீ அங்கே சுரங்கத்துக்குள் ஏலம் விட்டிருக்கிறாய் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி.

செரன் இருக்கிறாள். அவளைப் பற்றியே எழுதுகிறேன், கேட்டாய் என்பதற்காக.

மனிதர்களுக்குத்தான் சுங்கம் ஒழிந்தது. குதிரைகளிடம் யாரும் சொல்லவில்லை. கேட் போன மறுநாளும் ஒவ்வொரு குதிரையும் என் வாசலுக்கு நேராக வந்து தானாக நின்றது. வண்டிக்காரர்கள் கத்துகிறார்கள், கடிவாளத்தைச் சொடுக்குகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நானும் குளம்புச் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். குதிரையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டியில் இருந்தவன்தான் வானத்தைப் பார்த்தான்.

"எதுக்கு வெளிய வர்றே கேட் நெஸ்டா? கேட்டே இல்லியே!" என்று பால்காரன் கேட்டான்.

"உன் குதிரைகிட்ட கேளு" என்றேன்.

அப்படியே நாலு வார்த்தை பேச வேண்டி வரும். மழை, ஆட்டுக்கு நோய், யார் வீட்டில் பிள்ளை பிறந்தது. குதிரை நின்றுவிட்டதே, சும்மா நிற்க முடியுமா? இருபது வருஷம் என்னிடம் முணுமுணுப்பைத் தவிர வேறு பேசாதவர்கள், அந்தச் சில வாரங்களில் பேசினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் குதிரைகள் நிற்காமல் போகக் கற்றுக்கொண்டுவிட்டன. சிலவற்றைச் சந்தையில் மாற்றிவிட்டார்கள். புதுக் குதிரைகளுக்கு ரித்வென் என்று ஓர் இடம் இருப்பதே தெரியாது. இப்போது என் வாசலில் நிற்பது செரன் ஒருத்திதான்.

ஹோவலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன் தம்பி வித்த கழுதைம்மா இது! நில்லுன்னா நிக்காது, போன்னா நிக்கும்!" என்று தினமும் என்னைத்தான் திட்டுகிறார். நான் அவளுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

இன்னொரு தகவல். சாவடி வீட்டை வாரியம் விற்கிறது. பக்கத்து நிலக்காரருக்கே முதல் உரிமையாம், ஆகையால் ஹோவல் வாங்குகிறார். கன்றுக்குட்டிகளைக் கட்டப் போகிறாராம். "கன்னுக்குட்டிக்கு ரோட்டோட ரெண்டு பக்கமும் பாக்கற மாதிரி ஜன்னல் எதுக்கு?" என்று கேட்டேன். "காத்து வரும்ல" என்றார். மே முதல் தேதிக்குள் நான் காலி செய்ய வேண்டும். கெட்ட மனுஷன் இல்லை. மற்றவர்களாக இருந்தால் பனியிலேயே வெளியே போகச் சொல்லியிருப்பார்கள்.

இந்த வீட்டைப் பற்றி அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும். இதற்கு முன் இங்கே இருந்தது மரக் குடிசைச் சாவடி. சுங்கத்தின் மேல் இருந்த கோபத்தில், ரெபேக்காவின் மகள்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆம்பிளைகளெல்லாம் பாவாடை கட்டி முகத்தில் கரி பூசி வந்து அதை உடைத்துக் கொளுத்தினார்களே, அதில் நம் அப்பாவும் ஒருவர். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையைத்தான் கட்டிக்கொண்டு போனார். திரும்பக் கொண்டு வந்தபோது அதில் பாதிதான் இருந்ததாம். சாவடியை விட அந்தப் பாவாடைக்காகத்தான் அம்மா அழுதாளாம். அதே இடத்தில் வாரியம் இந்தக் கல் வீட்டைக் கட்டியது. அதே வீட்டுக்கு நான் சாவடிக்காரன் மனைவியாக வந்து, அவர் போன பிறகு நானே சாவடிக்காரி ஆனேன். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா ஒரு முறைகூட கேட் வழியாக வரவில்லை. என்னைப் பார்க்க ஆற்றில் இறங்கி, முழங்கால் நனைய வருவார். தூணில் அவருடைய கோடரி வெட்டு இன்னும் இருக்கிறது.

சுற்றிப் போவது உனக்குப் பரம்பரைச் சொத்து. குறை சொல்லிப் பயனில்லை.

எனக்கு இடம் இல்லாமல் இல்லை. ஜெபவீட்டு சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை தருவதாகச் சொன்னார்கள். ஜன்னல் கிடையாது. ஆனால் கதகதப்பாக இருக்கும்.

நெஸ்டா


ரோந்தா
பிப்ரவரி 9, 1890

நெஸ்டா அக்காவுக்கு,

நீ பரம்பரைச் சொத்து என்று எழுதிவிட்டாய், ஆகையால் நானும் எழுதிவிடுகிறேன். பல வருஷமாக மனத்துக்குள் எழுதிக் கிழித்த கடிதம்தான் இது.

அம்மாவை அடக்கம் செய்யப் போன அன்று, சவ ஊர்வலத்துக்குச் சுங்கம் கிடையாது என்று நீ கேட்டை அகலத் திறந்தாய். அதில் குறை இல்லை. திரும்பி வரும்போது நான் முன்னால் வந்தேன். எனக்குப் பின்னால் ஊரே வந்தது. எப்போதும் போல "கேட்!" என்று குரல் கொடுத்தேன். நீ வந்தாய். வண்டியில் வயலுக்கான சுண்ணாம்பு இருந்தது. கையை நீட்டினாய்.

"அம்மாவுக்கும் சேத்துக் கேப்பியாக்கா?" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன், ஆண்டவன் சாட்சி. அழுகை வராமல் இருப்பதற்காக.

அதற்கு நீ சொன்னாய்: "அம்மா போகையில காசு இல்ல. சுண்ணாம்பு வர்றப்போ உண்டு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவன் சிரித்ததும் இன்னொருவன். என் பையில் காசு இருந்தது அக்கா. கொடுக்க முடியாமல் வண்டியைத் திருப்பவில்லை. அம்மாவைப் புதைத்த அன்று என்னை ஊர் சிரிக்க வைத்தாய், அதற்காகத் திருப்பினேன். மலைப்பாதையில் சக்கரம் உடைந்தது. கொட்டும் மழை. சுண்ணாம்பு நனைந்து புகைந்தது. செரனை அவிழ்த்துக்கொண்டு நடந்தே வீடு சேர்ந்தேன். நிலத்தை விற்பது என்று அந்த நடையில் முடிவு செய்தேன்.

இப்போது ஒரு தகவல், உன் பாணியில். என் மனைவி மார்த்தா போய்விட்டாள். போன வருஷம் அறுவடை முடிந்த சமயத்தில், காய்ச்சல். உனக்கு எழுதவில்லை. அவளை நீ பார்த்ததில்லை, அவள் உன்னைப் பார்த்ததில்லை, யாருக்கு என்று எழுதுவது? பிள்ளைகள் இல்லை. மாடியில் வாடகைக்கு இருந்த பையனும் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். ஒரு பாத்திரம், ஒரு கரண்டி. முதல் கடிதத்தில் நான் நன்றாக இருக்கிறேன் என்பது போல எழுதினேன். அது பொய்.

ஜன்னல் இல்லாத அறைக்கு நீ ஏன் போக வேண்டும் என்று கேட்க வந்தேன். கேட்கும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

எபன்


ரித்வென் சாவடி
பிப்ரவரி 23, 1890

எபனுக்கு,

மார்த்தாவுக்காக அழுதேன். பார்க்காத ஒருத்திக்காக அழ முடியுமா என்று கேட்காதே, முடிகிறது. நீ எழுதியிருந்தால் வந்திருப்பேனா என்று யோசித்தேன். வந்திருக்க மாட்டேன். கேட்டை யார் பார்ப்பது? இதுதான் என் முழு ஆயுளும். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் கேட் இலவசம். எல்லோருக்கும் திறந்து விட்டேன். நான் மட்டும் போனதில்லை.

நீ உன் பக்கத்தைச் சொன்னாய். என் பக்கத்தைக் கேள்.

அன்று எனக்கு மாற்றாள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் வரவில்லை. பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு நீ வருவது ஜன்னலில் தெரிந்தது. கேட்டை விட்டுவிட்டுப் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். அம்மாவே திட்டியிருப்பாள். ஆகையால் திறந்தேன். கடைசி வண்டி தாண்டும் வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் வண்டி என்னை ஒட்டிப் போனது, நீ என் பக்கம் திரும்பவில்லை. பெட்டியின் மூலை என் தோளை உரசியது. அதுதான் எனக்குக் கிடைத்தது.

பிறகு மேட்டுக்கு அந்தப் பக்கம் கல்லறையில் பாட்டு ஆரம்பித்தது. காற்று இந்தப் பக்கம் அடித்ததால் கேட்டது. உன் குரலையும் கேட்டேன், நீ எப்போதும் முந்திக்கொண்டு பாடுவாய். நானும் வாசலில் நின்று கூடவே பாடினேன். பாட்டு நின்றது. மண் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு வெண்ணெய்க்காரன் வந்து "கேட்!" என்றான். திறந்துவிட்டேன்.

உள்ளே லீக் வெங்காயத் தண்டு போட்ட ஆட்டுக்கறிச் சூப் அடுப்பில் இருந்தது. திரும்பி வரும்போது நீ இறங்கி உள்ளே வருவாய், உட்கார்ந்து சொல்வாய் என்று இருந்தேன். யார் யார் வந்தார்கள், போதகர் என்ன வசனம் சொன்னார், குழியில் தண்ணீர் இருந்ததா. இன்னொன்றும் நினைத்திருந்தேன். வண்டிப் பலகையை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம் என்று. அம்மா கடைசியாகக் கிடந்த இடம் அதுதானே.

நீ வந்தாய். அந்தப் பலகை மேல் சுண்ணாம்பு.

நான் உன்னிடம் சுங்கம் கேட்கவில்லை எபன். எனக்கு அப்போது என்ன கேட்பதென்றே தெரியவில்லை. கை நீட்டுவது ஒன்றுதான் என் கைக்குத் தெரியும். சொன்ன சொல்லை இன்றைக்கும் திரும்ப வாங்க மாட்டேன். ஆனால் அது யாருக்காக வந்த கோபம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நெஸ்டா


ரோந்தா
மார்ச் 16, 1890

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினேன். விளக்கு வெளிச்சத்தில் படிக்கும்போது பக்கத்தில் இருந்தவன், "என்ன சுண்ணாம்பு, அக்கா கேட்டைத் திறந்துச்சா?" என்றான். "வாயை மூடுடா" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவன் பயந்துவிட்டான்.

உனக்கு மாற்றாள் வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. வேலை பெரிதென்று நீ நின்றுவிட்டாய் என்றே நினைத்திருந்தேன்.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்கிறேன். மண் போட்டு முடிந்ததும் எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கல்லறைக்குக் கீழேயே சுண்ணாம்புக் காளவாய் இருக்கிறதல்லவா, செரன் பழக்கத்தில் நேராக அங்கே போய் நின்றாள். அம்மாவின் சொல் உனக்கு மறந்திருக்காது: "வெறும் வண்டி வீடு திரும்பக் கூடாது." சந்தைக்குப் போனாலும், ஆலைக்குப் போனாலும், ஒரு கட்டு விறகாவது ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும். படுக்கையில் கிடக்கும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தாள், "மேட்டு நிலத்துக்குச் சுண்ணாம்பு போட்டியாடா? போட்டியாடா?" என்று. போடவில்லை என்று சொல்லாமல் மழுப்பினேன். அன்று ஏற்றினேன். அவளுக்காக நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. அந்தப் பலகையில் வெறுமையைப் பார்த்துக்கொண்டே வீடு வரை ஓட்ட முடியாது என்றும் தோன்றியது.

அவள் பெட்டியிலிருந்து எழுந்து வந்திருந்தால், தானே மண்வெட்டியை எடுத்திருப்பாள். நீயும் ஒத்துக்கொள்வாய்.

நான் வருகிறேன். ஈஸ்டர் வாரத்தில் சுரங்கத்துக்கு விடுமுறை. புதன்கிழமை ரயிலில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து வாடகை வண்டியில் வருவேன். கறுப்புத் தொப்பி போட்டிருப்பேன். நரைத்துவிட்டது, அடையாளம் தெரியாமல் போகலாம்.

உன் தம்பி
எபன்


ரித்வென் சாவடி
மார்ச் 23, 1890

எபன்,

வா. சூப் இருக்கும். இந்த ஜன்னலில் எவ்வளவு தூரத்தில் வருகிறவரையும் எனக்கு அடையாளம் தெரியும், தொப்பியெல்லாம் வேண்டாம்.

அக்கா


ரோந்தா
ஏப்ரல் 11, 1890

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வந்தேன்.

ஸ்டேஷனில் ஒரு பையனின் வண்டி கிடைத்தது. இளங்குதிரை, நல்ல ஓட்டம். மில் தாண்டி வளைவு திரும்பியதும் சாவடி தெரிந்தது. புகைபோக்கியில் புகை. நீ வாசலில் நின்றிருந்தாய். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாய். அம்மா மாதிரியே ஆகிவிட்டாய்.

"நிறுத்து" என்று அந்தப் பையனிடம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்தான். அடுத்த மூச்சில் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் உன் வாசல் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. கேட் இருந்திருந்தால் குதிரை நின்றிருக்கும். நானும் இறங்கியிருப்பேன். இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ரோடு திறந்தே கிடந்தது அக்கா. திறந்து கிடந்த ரோட்டில் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லறைக்குப் போனேன். அம்மாவின் கல்லில் பாசி படியவில்லை. யாரோ தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். யாரென்று எனக்குத் தெரியும். கேட் போன பிறகுதான் உனக்கு அங்கே போக நேரம் கிடைத்திருக்கும்.

அங்கிருந்து திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. மலையைச் சுற்றிப் போனேன்.

எபன்


ரித்வென் சாவடி
ஏப்ரல் 14, 1890

எபன்,

பார்த்தேன். மில் பக்கத்திலேயே பார்த்துவிட்டேன். இடது தோள் தாழ்ந்து உட்காருவாய், மாறவில்லை. தொப்பி உனக்குப் பொருந்தவில்லை.

வண்டி நிற்காமல் போனதும் நான் உள்ளே போகவில்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்துவான், குதிரையைத் திருப்புவான் என்று நின்றேன். சாயங்காலம் செரன் வந்தாள், நின்றாள். ஹோவல் திட்ட வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அப்புறம், "சூப் வாசனை ரோடு வரைக்கும் வருதே நெஸ்டா" என்றார். கேட் என்ற பட்டம் இல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல். உனக்கு வைத்த சூப்பை அவருக்குத்தான் ஊற்றினேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. உன் மேல் கோபம் இருந்தவரை யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்று இருந்தது. புதன்கிழமை ராத்திரி எனக்கு ஒருத்தருமே இல்லை.

நாலு நாள் யோசித்தேன். இன்று உன் கடிதம் வந்தது. படித்ததும் எழுந்து போய், துணி காயப்போடும் நீளக் கம்பை எடுத்து ரோட்டுக்குக் குறுக்கே கட்டிவிட்டேன். ஒரு முனை அப்பா வெட்டிய தூணில். இன்னொரு முனை ஜன்னல் கம்பியில். கயிறு நம் வீட்டுப் பழைய கயிறு, அறாது.

ஒரு மணி நேரத்துக்குள் பால்காரன் வந்து கத்தினான். பிறகு தபால் வண்டி. பிறகு கான்ஸ்டபிளே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? சுங்கம் எடுத்து மாசம் ஆறாகப் போவுது!"

"நான் யாருகிட்டயும் சுங்கம் கேக்கலியே. வந்தா தூக்கி விடறேன்."

"அப்ப எதுக்கு கம்பு?"

"என் தம்பி வரணும். அவனுக்கு நிக்கத் தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போற வர்றவன் பூரா உன்னத் திட்டறான் தெரியுமா?"

"திட்டட்டும். நின்னுதானே திட்டறாங்க" என்றேன்.

மாத முடிவு வரை தன் கண்ணில் இது படாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய குதிரையும் முன்னொரு காலத்தில் இங்கே நின்ற குதிரைதான்.

மே முதல் தேதி கன்றுக்குட்டிகள் வருகின்றன. அதுவரை இந்த ரோடு மூடியிருக்கும். நடந்து வருகிறவர்களுக்கு எப்போதும் சுங்கம் கிடையாது, அது உனக்கும் தெரியும். வண்டியில் வந்தாலும் சரி. வந்து குரல் கொடு. திறக்க நான் இருக்கிறேன்.

உன் அக்கா


ரோந்தா
ஏப்ரல் 22, 1890

அக்கா,

கம்பை அவிழ்த்துவிடாதே.

சனிக்கிழமை வருகிறேன். எங்களுக்குப் பங்காகத் தரும் நிலக்கரியில் ஒரு வண்டி அளவு ரயிலில் ஏற்றிவிட்டேன். இவ்வளவு தூரம் வெறும் கையோடு வந்தால் அம்மா விடமாட்டாள். திரும்பும்போதும் வண்டி வெறுமையாகப் போகக் கூடாது. என்ன ஏற்றுவது என்பது உன் இஷ்டம். இங்கே என் வீட்டில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இந்தத் தெருவில் ஒருவரும் தாண்டிப் போவதில்லை. உனக்கென ஒரு நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டிருக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு வண்டி வேண்டும் என்று ஹோவலுக்கு எழுதினேன். அவரிடம் இப்போது இரண்டு இளங்குதிரைகள் இருக்கின்றனவாம், எது வேண்டும் என்று கேட்டிருந்தார். செரன்தான் வேண்டும் என்று எழுதிவிட்டேன். என் வாய் மறுபடியும் அடைத்துக்கொண்டாலும் அவள் நிற்பாள்.

எபன்